அப்டேட் முடிந்ததும் ரீபூட் செய்யுமுன்: லினக்ஸ் லேப்டாப்பின் பூட் அமைப்பைக் கவனிப்பது

கேள்வி: ஒரே லேப்டாப்பில் உபுண்டு 24.04, விண்டோஸ் 11 இரண்டும் இருக்கின்றன. உபுண்டுவின் ரூட் (அமைப்பு முழுதும் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) லக்ஸ் என்ற லினக்ஸ் டிஸ்க் பூட்டு முறையில் என்க்ரிப்ட் செய்தது, /பூட் (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள இடம்) தனிப் பார்ட்டிஷன். பெரிய அப்டேட் வந்தாலே ஏதாவது ஒன்று ஆகிறது. ஒருமுறை கர்னல் பேனிக் (லினக்ஸின் மைய நிரலே தொடர முடியாமல் நின்றுபோவது), ஒருமுறை கறுப்புத் திரையில் கிரப் (பூட் மெனுவைக் காட்டும் நிரல்) என்று மட்டும், ஒருமுறை மெனுவே வராமல் நேராக விண்டோஸ். மறுபடி நிறுவாமல் இதை நிலையாக வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு இடத்துப் பழுதுகள். எந்த இடத்தில் நின்றது என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை ரீபூட்டின்போது உண்டாவதில்லை. அப்டேட் நடக்கும்போதே உண்டாகிவிடுகின்றன, ரீபூட்டில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே அப்டேட்டுக்கும் ரீபூட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் ஒதுக்கினால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசை. பவர் போட்டதும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (லேப்டாப்பிலேயே பதிந்துள்ள தொடக்க நிரல்), மதர்போர்டின் என்விரேம் நினைவகத்தில் உள்ள பூட் பட்டியலைப் பார்க்கிறது. அதிலுள்ள உபுண்டு பதிவு, ஃபேட்32 வடிவிலான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் ஷிம் என்ற சிறிய தொடக்க நிரலின் கோப்பைக் காட்டுகிறது. ஷிம் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்றது. அது கிரப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றுகிறது. கிரப் தன் பக்கத்திலேயே இருக்கும் மூன்று வரிக் கோப்பு ஒன்றைப் படிக்கிறது. அந்த மூன்று வரியும் சொல்வது இவ்வளவுதான்: இந்த யூயூஐடி (தனி அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதிலுள்ள கிரப் ஃபோல்டருக்குப் போ, அங்கே இருக்கும் கிரப்.சிஎஃப்ஜியைத் திற. நிஜமான மெனு அங்கேதான் இருக்கிறது. மெனு கர்னலையும் இனிட்ஆர்டியையும் (ரூட் திறக்கும்வரை உதவும் தற்காலிகச் சிறு அமைப்பு) மெமரியில் ஏற்றும். இனிட்ஆர்டிக்குள் இருக்கும் கிரிப்ட்செட்டப் பாஸ்ஃபிரேஸ் கேட்டு லக்ஸைத் திறந்த பிறகே ரூட் மவுண்ட் ஆகும்.

இப்போது அறிகுறிகளைப் பொருத்திப் பாருங்கள். நேராக விண்டோஸ் வந்தால் பழுது என்விரேம் பட்டியலில். "கிரப்>" என்று மட்டும் நின்றால், அந்த மூன்று வரிக் கோப்பால் /பூட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரூட் எஃப்எஸ் மவுண்ட் செய்ய முடியவில்லை, "அன்நோன்-பிளாக்(0,0)" என்று சொல்லிக் கர்னல் பேனிக் ஆனால், கர்னல் ஏறியது, அதன் இனிட்ஆர்டி இல்லை. பாஸ்ஃபிரேஸே கேட்காமல் கொஞ்ச நேரம் காத்துவிட்டு "இனிட்ராம்எஃப்எஸ்" பிராம்ப்டில் விழுந்தால், இனிட்ஆர்டி இருக்கிறது, அதற்குள் கிரிப்ட்செட்டப் இல்லை.

உங்கள் கர்னல் பேனிக்குக்குக் காரணம் அநேகமாக /பூட் நிறைந்துபோனதுதான். என்க்ரிப்ட் செய்த நிறுவலில் /பூட் தனியாகச் சின்னதாக இருக்கும். ஒவ்வொரு கர்னலும் அங்கே இரண்டு பெரிய கோப்புகளைப் போடுகிறது. ஒன்று விஎம்லினுஸ், பெயர் இஸட் எழுத்தில் முடியும். சுமார் 15 எம்பி. மற்றது இனிட்ஆர்டி. சாதாரண லேப்டாப்பில் அது 60, 70 எம்பி. என்விடியா டிரைவர் போட்டிருந்தால் 100 எம்பியைத் தாண்டுவது சகஜம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இருக்கிற இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும்போது, அதற்கான கட்டளையான அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் பழையதை அழித்துவிட்டு எழுதுவதில்லை. பக்கத்தில் ".நியூ" என்ற பின்னொட்டோடு புதியதை முழுதாக எழுதி முடித்து, பிறகுதான் பெயர் மாற்றுகிறது. ஆகவே ஒரு நொடிக்காவது இரண்டுக்கும் இடம் வேண்டும். கணக்குப்படி 80 எம்பி காலியாக இருந்தும் 100 எம்பி இனிட்ஆர்டி புதுப்பிக்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

இடம் போதாமல் நின்றால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற ஒரு வரி நூறு வரிகளுக்கு நடுவே ஓடிப்போகும். வரைகலை அப்டேட்டரில் அதுகூடக் கண்ணில் படாது. கர்னல் கோப்பு ஏற்கெனவே வந்திருக்கும், கிரப் மெனுவிலும் ஏறிவிடலாம், இனிட்ஆர்டி மட்டும் இருக்காது. மெனுவில் புதிய கர்னல்தான் முதலில் நிற்கும் என்பதால் அடுத்த ரீபூட்டில் நேராகப் பேனிக். அப்போது பவர் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டு, கிரப் மெனுவில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே வந்துவிடலாம். லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் யூஎஸ்பி) தேவையில்லை.

உள்ளே வந்ததும் முதல் வேலை, இப்போது ஓடும் கர்னல் எது என்று "யூநேம் -ஆர்" கொண்டு பார்ப்பது. அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். இனி எதை நீக்கினாலும் அதை மட்டும் தொடக்கூடாது. பிறகு "சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்". நல்ல நிலையில் இருக்கும் கணினியில் இது ஒன்றே பழைய கர்னல்களை எடுத்துவிடும். ஓடுகிற கர்னலையும் ஆகப் புதியதையும் அது விட்டுவைக்கும்.

ஆனால் பாதியில் நின்ற அப்டேட் இருந்தால், பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஆப்ட் மறுக்கும். முந்தைய பேக்கேஜ் அமைக்கப்படவில்லை, அதை முடிக்காமல் எதையும் நீக்கமாட்டேன் என்னும். முடிக்கப் போனால் இடமில்லை என்னும். இந்த முட்டுச்சந்தில்தான் பலர் /பூட்டுக்குள் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். வேண்டாம். எப்படியும் போகப்போகிற ஆகப் பழைய கர்னல் ஒன்றின் இனிட்ஆர்டியை மட்டும் எடுத்தால் போதும். உதாரணத்துக்கு, ஓடுவது 6.8.0-48, மிகப் பழையது 6.8.0-45 என்றால், "சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -டி -கே 6.8.0-45-ஜெனரிக்". 60 எம்பியோ 100 எம்பியோ விடுபடும். உடனே "சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", பிறகு "சுடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்", கடைசியில் மறுபடி அந்த ஆட்டோரிமூவ். இந்த வரிசை முக்கியம். பழைய கர்னல் பேக்கேஜ் முறையாக நீங்கும்வரை, இனிட்ஆர்டி இல்லாத அந்தப் பழைய பதிவு மெனுவில் நிற்கலாம். அதற்குள் ரீபூட் செய்யாதீர்கள்.

/பூட் எப்போதும் நெருக்கடியாகவே இருந்தால் இனிட்ஆர்டியைச் சின்னதாக்கலாம். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்பில் "கம்ப்ரெஸ்" என்ற வரியை "எக்ஸ்இஸட்" என்று மாற்றினால் அளவு குறையும். இனிட்ஆர்டி உருவாக்கக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். இன்னொரு வழியாக "மாட்யூல்ஸ்=மோஸ்ட்" என்பதை "டெப்" ஆக்கச் சொல்வார்கள். அது நன்றாகவே சுருக்கும். ஆனால் இந்த வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே உள்ளே வைக்கும். லேப்டாப் பழுதாகி எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் மாட்டும் நாளில் அது பூட் ஆகாமல் போகலாம். எஸ்எஸ்டியை எடுத்து மாட்டுவது அவசரத்தில்தான் நடக்கும் என்பதால் நான் முதல் வழியையே சொல்வேன்.

இனி, ரீபூட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை. அப்டேட்டில் கர்னல், கிரப், ஷிம், கிரிப்ட்செட்டப், என்விடியா, ஃபர்ம்வேர் பேக்கேஜ் எதுவும் வரவில்லை என்றால் இதெல்லாம் தேவையில்லை. வந்திருந்தால், முதலில் "டிபிகேஜி --ஆடிட்". எதுவும் அச்சிடாமல் திரும்பினால் பாதியில் நின்ற பேக்கேஜ் இல்லை. அடுத்து "டிஎஃப் -எச் /பூட்". ஒரு முழு இனிட்ஆர்டிக்கும் மேல் காலியிடம் இருக்க வேண்டும். பிறகு "எல்எஸ் -எல்எச் /பூட்". இதைக் கண்ணால் படியுங்கள். ஒவ்வொரு விஎம்லினுஸ் எண்ணுக்கும் அதே எண்ணில் ஓர் இனிட்ஆர்டி இருக்கிறதா? புதியதின் அளவு பழையதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா? பழையது 95 எம்பி, புதியது 31 எம்பி என்றால் ஏதோ உள்ளே போகவில்லை. அதை மறுபடி உருவாக்காமல் ரீபூட் செய்ய வேண்டாம்.

என்க்ரிப்ட் செய்தவர்களுக்கு இன்னொன்று. "எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்" கட்டளைக்குப் புதிய இனிட்ஆர்டியின் பாதையைக் கொடுத்து, வெளியீட்டைக் கிரெப் கொண்டு கிரிப்ட்செட்டப் என்று வடிகட்டுங்கள். சில வரிகள் வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால், அடுத்த முறை பாஸ்ஃபிரேஸ் கேட்க உள்ளே ஆளில்லை. கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற பேக்கேஜ் ஆட்டோரிமூவில் போய்விட்டதா, /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பில் (எந்தப் பார்ட்டிஷனை எந்தப் பெயரில் திறப்பது என்ற பட்டியல்) உள்ள யூயூஐடி சரியா என்று பாருங்கள்.

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைத் தானாகக் கட்டும் வசதி) வழியாக மாட்யூல் கட்டினால் "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" அடித்து, புதிய கர்னல் எண்ணுக்கு எதிரே "இன்ஸ்டால்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் வரவில்லை.

இன்னொரு வகைப் பழுது லேப்டாப்புக்கே உரியது. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானாக நடக்கும் அப்டேட்) பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோவது, அல்லது ஷட்டவுன் நேரமாகிறதே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுவது. ஷட்டவுன் திரையில் அப்டேட் முடியக் காத்திருப்பதாகச் சொன்னால் உண்மையிலேயே ஏதோ எழுதப்படுகிறது. சார்ஜரைச் செருகிவிட்டு விட்டுவிடுங்கள்.

கிரப் மெனு ஒவ்வொரு முறையும் தெரியும்படி வைத்துக்கொள்வதும் அவசியம். உபுண்டு பல நிறுவல்களில் மெனுவை மறைத்துவைக்கிறது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் "கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்=மெனு", "கிரப்_டைம்அவுட்=5" என்று மாற்றி "சுடோ அப்டேட்-கிரப்" ஓட்டுங்கள். பழைய கர்னலுக்குப் போகும் கதவு அந்த ஐந்து விநாடிதான். மெனு மறைந்திருக்கும் நிலையில் எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும். பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவையும் தாண்டி "கிரப்>" பிராம்ப்டில் விழுந்துவிடும். அது பழுது இல்லை. "நார்மல்" என்று அடித்து என்டர் தட்டி, உடனே ஒரே ஒருமுறை எஸ்கேப் அழுத்துங்கள், மெனு வரும். மெனுவில் விண்டோஸ் காணாமல் போனால், 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் ஓஎஸ்-புரோபர் (மற்ற இயங்குதளங்களைத் தேடும் நிரல்) இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். அதே கோப்பில் "கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்" என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி "சுடோ அப்டேட்-கிரப்" ஓட்டினால் போதும்.

எஸ்கேப் தட்டாமலே "கிரப்>" வந்து நின்றால், மூன்று வரிக் கோப்பு தேடும் யூயூஐடி இப்போது இல்லை என்று பொருள். /பூட்டை ஃபார்மட் செய்தாலோ வேறு டிஸ்க்குக்கு மாற்றினாலோ இப்படி ஆகும். அங்கேயே சமாளிக்கலாம். "எல்எஸ்" அடித்தால் பார்ட்டிஷன்கள் வரும். "எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/" என்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, விஎம்லினுஸ் கோப்புகள் எதில் தெரிகின்றனவோ அதுதான் /பூட். பிறகு "கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி2)/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி". மெனு திறக்கும். உள்ளே போனதும் /இடிசி/எஃப்எஸ்டேபில் /பூட்டின் யூயூஐடியைச் சரிசெய்து, "சுடோ கிரப்-இன்ஸ்டால்", "சுடோ அப்டேட்-கிரப்" இரண்டையும் ஓட்டினால் அந்த மூன்று வரியும் புதிதாக எழுதப்படும்.

"கிரப் ரெஸ்க்யூ>" என்று வந்தால் அது வேறு. பழைய பயாஸ் முறை லேப்டாப்களில்தான் அதிகம். அங்கே கிரப்பின் ஒரு துண்டு டிஸ்க்கின் தொடக்கத்திலும், மாட்யூல்கள் /பூட்டிலும் இருக்கும். பேக்கேஜ் அப்டேட் மாட்யூல்களை மட்டும் புதுப்பித்து, தொடக்கத் துண்டை வேறு டிஸ்க்கில் எழுதிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற கிரப் ஓட்டையை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வந்தபோது "கிரப்_காலாக்" கிடைக்கவில்லை என்று பல கணினிகள் நின்றது இப்படித்தான். எஸ்எஸ்டியை மாற்றியவர்கள் "சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி" ஓட்டிச் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவைப்பது நல்லது.

நேராக விண்டோஸ் வருவது மிரட்டலாகத் தெரிந்தாலும் ஆகச் சுலபமானது. பயாஸ் அப்டேட்டோ விண்டோஸின் பெரிய அப்டேட்டோ பூட் வரிசையை மாற்றியிருக்கும். உபுண்டு அப்படியே இருக்கும். பூட் மெனு விசையை, பல லேப்டாப்களில் எஃப்12 அல்லது எஃப்9, அழுத்தி உபுண்டுவைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்து "சுடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்" அடித்தால் பட்டியலும் வரிசையும் தெரியும். உபுண்டு 0001, விண்டோஸ் 0000 என்றால் "சுடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0001,0000". பதிவே அழிந்திருந்தால் லைவ் யூஎஸ்பி வழியாகப் போக வேண்டும், கீழே சொல்கிறேன். சில ஃபர்ம்வேர் என்ன செய்தாலும் விண்டோஸ் பூட் மேனேஜரையே முன்னால் வைக்கும். அதற்காக விண்டோஸின் பூட் கோப்பைப் பெயர் மாற்றி அந்த இடத்தில் கிரப்பை வைக்கும் யோசனையைப் பின்பற்ற வேண்டாம். அடுத்த விண்டோஸ் அப்டேட் தன் கோப்பைத் திரும்ப எழுதிவிடும். ஃபர்ம்வேர் அமைப்பிலேயே வரிசையை மாற்றும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள பூட் நிரலை மட்டும் அனுமதிக்கும் ஃபர்ம்வேர் வசதி) தொடுமுன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியவுடன் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் எழுதியிருந்தாலன்றி ஃபர்ம்வேருக்குள் போகவே வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய கிரப்பைத் தடுக்கும் எஸ்பாட் கொள்கையை ஃபர்ம்வேரில் எழுதியது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும் பலவற்றைத் தொட்டது. ஷிம்மின் எஸ்பாட் சோதனை தோற்றது, "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லிக் கணினி அணைந்துவிடும். இதே திரை எப்போது வந்தாலும் வழி இது: செக்யூர் பூட்டை அணைத்து, உபுண்டுவுக்குள் வந்து "சுடோ மோக்யூடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட்", ஒருமுறை உபுண்டுவுக்கே ரீபூட், ஷிம், கிரப் பேக்கேஜ்களை முழுதாக அப்டேட் செய்து, பிறகு செக்யூர் பூட்டை மறுபடி போடுவது. அணைத்தே விட்டுவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். /பூட் உங்களிடம் என்க்ரிப்ட் ஆகாமல் இருக்கிறது. அதற்கு உள்ள காவல் இது ஒன்றுதான்.

டிகேஎம்எஸ் மாட்யூல்களுக்குக் கையொப்பமிடும் மோக் சாவியும் என்விரேமில்தான் இருக்கிறது. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு என்விடியா திடீரென வேலை செய்யாவிட்டால் அது அழிந்திருக்கலாம். /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக் ஃபோல்டரில் உள்ள மோக்.டிஇஆர் கோப்பை "மோக்யூடில் --இம்போர்ட்" கொண்டு மறுபடி பதியுங்கள். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை வரும். சில விநாடிகளுக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும், பதிவும் நடக்காது. கூடவே, மைக்ரோசாஃப்ட்டின் 2011 யூஇஎஃப்ஐ சான்றிதழின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. அதன் இடத்தில் 2023 சான்றிதழ். ஏற்கெனவே உள்ள ஷிம் அதனால் நின்றுவிடாது. புதிய சாவியால் மட்டும் கையொப்பமிட்ட ஷிம் வரும்போது, ஃபர்ம்வேருக்கு அந்தச் சாவி தெரிந்திருக்க வேண்டும். "எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்" ஓட்டி ஃபர்ம்வேர் அப்டேட்களைத் தள்ளிப்போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக லைவ் யூஎஸ்பி. அதை யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் சரி. "எல்எஸ்பிஎல்கே -எஃப்" காட்டுவதைப் பார்த்து லக்ஸ் பார்ட்டிஷனை அடையாளம் காணுங்கள். இங்கேதான் ஒரு பொறி. லக்ஸைத் திறக்கும்போது கொடுக்கும் பெயர், கிரிப்ட்டேப் கோப்பில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். ஏதோ ஒரு பெயர் கொடுத்தால் எல்லாம் திறக்கும், மவுண்ட் ஆகும், ஆனால் இனிட்ஆர்டி உருவாக்கும் நிரல் இந்த ரூட்டைக் கிரிப்ட்டேப்போடு பொருத்த முடியாமல் கிரிப்ட்செட்டப்பைச் சேர்க்காமலே விட்டுவிடும். கிரிப்ட்டேப்போ பூட்டிய பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் ஏதோ ஒரு பெயரில் திறந்து, மவுண்ட் செய்து, கிரிப்ட்டேப்பின் முதல் சொல்லைக் குறித்துக்கொண்டு, அன்மவுண்ட் செய்து மூடுங்கள். எல்விஎம் (லக்ஸுக்குள் இடத்தைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறை) இருந்தால் மூடுமுன் "விஜிசேஞ்ச் -ஏஎன்". பிறகு சரியான பெயரில் மறுபடி திறங்கள்.

ரூட்டை /எம்என்டியில், /பூட்டை அதற்குள், இஎஃப்ஐ பார்ட்டிஷனை /பூட்/இஎஃப்ஐயில் மவுண்ட் செய்யுங்கள். டெவ், பிராக், சிஸ், ரன் நான்கையும் "மவுண்ட் --ஆர்பைண்ட்" கொண்டு இணையுங்கள். வெறும் பைண்ட் போட்டால் சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐ மாறிகள் வராது, அப்போது என்விரேம் பதிவு எழுதப்படாது. ரன் இல்லாவிட்டால் உள்ளே இணையப் பெயர்த் தேடல் நடக்காது. "சிஎச்ரூட் /எம்என்டி" போட்டு டிஸ்க்கில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்தபின் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", பிறகு "ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்ட் ஷிம்-சைன்ட்", "கிரப்-இன்ஸ்டால்". இனிட்ஆர்டிகளுக்கு "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்". ஏற்கெனவே இருப்பதைத்தான் -யூ புதுப்பிக்கும். முற்றிலும் இல்லாததை "-சி -கே" போட்டு அந்தக் கர்னல் எண்ணைக் கொடுத்து உருவாக்க வேண்டும். பிறகு "அப்டேட்-கிரப்".

வெளியே வருமுன், உள்ளிருந்தபடியே எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிக் கிரிப்ட்செட்டப் வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் லக்ஸைத் திறந்த பெயரைக் கிரிப்ட்டேப்போடு இன்னொரு முறை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். யூஎஸ்பியை அதுவரை கழற்ற வேண்டாம்.